எருக்கம்பால் பட்ட இடது கண்

எனக்கு எழுபத்திரண்டு வயது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். மூன்று பேர் நான் பெற்றவர்கள். நான்காமவன் என் தங்கை மகன், அவள் போன பிறகு என்னிடம் வந்தவன். நான்கு பேருக்கும் சோறு போட்டது பூ. மல்லிகையும் முல்லையும் இல்லை. என் பூவை யாரும் விதைப்பதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. வேலியோரத்தில் தானாக முளைத்து, ஆடு கூட வாய் வைக்காமல் நிற்கும். எருக்கம்பூ.

மூன்றாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். எழுத்துத் தெரியும், எழுதிப் பழக்கமில்லை. இந்தக் கட்டுரையை எழுத எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. கண் ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான், "எருக்கு மாலை கோர்க்கிறவங்க படிக்கணும் பாட்டி, நான் எழுதினா நோட்டீஸ் மாதிரி இருக்கும், நீங்களே எழுதுங்க" என்றார். ஆகையால் எருக்கம்பால் கண்ணில் பட்டவர்களுக்கும், இனிமேல் படப்போகிறவர்களுக்கும் எழுதுகிறேன்.

நான் இருப்பது மந்தைவெளி. விடிந்ததும் பறக்கும் ரயில் பாதையின் தூண்களை ஒட்டிய வேலிகளிலும், அடையாறு ஆற்றுப் பக்கம் உள்ள காலி மனைகளிலும் பூப் பறிப்பேன். ஊதா எருக்கு எங்கும் கிடைக்கும். வெள்ளெருக்கு எங்கே நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்த இடத்தைப் பெற்ற பிள்ளைகளிடமே சொன்னதில்லை, இங்கேயும் சொல்ல மாட்டேன். எட்டு மணிக்கு மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் தெற்கு மாட வீதியில் உட்கார்ந்துவிடுவேன். பக்கத்தில் எல்லம்மா கதம்பம் விற்கிறாள். இருபது வருடமாக அவள் வாயும் என் வாயும் ஓய்ந்ததில்லை.

எருக்கைக் காம்பிலிருந்து ஒடித்தால் பால் வரும். அந்தப் பால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். அதனால் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்து, பூவின் நடுவில் ஊசியை விட்டுக் கோர்ப்போம். கோர்த்து முடிக்கும் வரை முகத்தில் கை வைக்கக் கூடாது. என் பிள்ளைகளுக்கு இதை அடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கடைசியில் நானே வைத்தேன்.

பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின நாள் பிற்பகல். மூன்று கூடை பூ. தெருவில் களிமண் பிள்ளையார் வாங்கும் கூட்டம், குடை விற்கிறவர்களின் சத்தம். நெற்றி வியர்வை இடது கண்ணுக்குள் இறங்கியது. புறங்கையால் துடைத்தேன். புறங்கையிலும் பால் வழிந்திருந்தது எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் கரித்தது. பிறகு கரிப்பு அடங்கி, கண் குளிர்ந்தாற்போல ஆனது. முந்தானையால் ஒற்றிவிட்டு அடுத்த பூவை எடுத்தேன்.

இந்த இடத்தைப் படிக்கிறவர்கள் மறுபடியும் ஒரு தரம் படிக்க வேண்டும். வலிக்கவில்லை. வலிக்காததுதான் எனக்கு வந்த ஆபத்து.

மறுநாள் காலையில் சாமி படத்துக்கு விளக்கேற்றினேன். சுடரைச் சுற்றி வானவில் போல வண்ண வளையம் தெரிந்தது. பண்டிகை அதுவுமாகப் பிள்ளையார் எனக்குக் காட்சி கொடுக்கிறார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிறகு அடுப்பைச் சுற்றியும் வளையம், தெருவிளக்கைச் சுற்றியும் வளையம். மற்றதெல்லாம் கஞ்சித் தண்ணீருக்குள் இருந்து பார்ப்பது போல் வெள்ளையாக இருந்தது.

என் வலது கண்ணில் ஏற்கெனவே புரை (கண்ணுக்குள் இருக்கும் வில்லை மங்கிப் போவது) இருந்தது. ஊசியில் நூல் கோர்ப்பது, பூ பார்ப்பது, சில்லறை பார்ப்பது எல்லாம் இடது கண்தான். இப்போது அதுவும் வெள்ளை. ஆனாலும் கடைக்குப் போனேன். வருடத்தில் எருக்குக்கு என்று ஒரு நாள் வருகிறது, அன்றைக்கு நான் வீட்டில் படுப்பதா? தடவித் தடவிக் கோர்த்தேன். விரல் தானாகவே கோர்த்தது.

ஒரு மணி நேரத்தில் ஒரு மாமி மாலையோடு திரும்பி வந்தார். பல வருடமாக என்னிடம் வாங்குகிறவர்.

"என்னம்மா இது? வெள்ளெருக்குன்னு கேட்டு வாங்கிண்டு போனேன். ஆத்துல போய்ப் பிரிச்சா பாதிக்குப் பாதி ஊதா."

என் மாலை திரும்பி வந்தது அதுவே முதல் தடவை. மாலையை வாங்கக் கையை நீட்டினேன். எல்லம்மா என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"இன்னாக்கா இது, கண்ணு இன்னா இப்டி கீது? கருவிழி மேல பூசணம் பூத்தாப்ல கீது."

"தூசி வியுந்துச்சு. நீ உன் கதம்பத்தப் பாரு."

"தூசியா? லாரி மண்ணையே கொட்டினாங்களா? எங்க தெருவுல ஒரு பொண்ணு புள்ள பெத்துக்கினு வந்துகீது. ரெண்டு சொட்டு தாய்ப்பால் வுட்டா சரியாப் பூடும், வா."

இந்த வயதில் யாரோ ஒரு பெண்ணின் முன்னால் கண்ணைத் திறந்துகொண்டு படுக்க என் மானம் இடம் கொடுக்கவில்லை. அந்த மானம் அன்றைக்கு நல்லது செய்தது. ஆனால் சாயங்காலம் நந்தியாவட்டைப் பூவை நனைத்துக் கண்ணில் வைத்துக் கட்டிக்கொண்டேன். பூ செய்ததைப் பூவே எடுக்கும் என்று நினைத்தேன். ஒரு நாள் வீணானது.

எல்லம்மா என் மகளுக்குப் போன் செய்துவிட்டாள். செல்வி என் மூன்றாவது பெண், நான் அவள் வீட்டில்தான் இருக்கிறேன். தி.நகரில் ஜவுளிக் கடையில் வேலை. பண்டிகை அலைச்சலில் என் முகத்தை நேராகப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. அன்றைக்குப் பார்த்ததும் மறுநாளுக்கு லீவு சொல்லிவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"யம்மா, இன்னாதான் பட்டுச்சு கண்ணுல?"

"இன்னா படும்? தூசி. வயசாவுதில்ல."

நான் ஏன் மறைத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வேலியில் ஏறி இறங்குகிற வேலையை விடு என்று செல்வி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எருக்கம்பால் என்று சொன்னால் அன்றோடு என் கூடையைப் பிடுங்கி வைத்துவிடுவாள். இன்னொன்றும் இருந்தது. நான்கு பிள்ளைகளை வளர்த்த பூ. அதைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீளமான பெஞ்சு. எங்களுக்கு முன்னால் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். திறந்த கதவுக்கு உள்ளே ஒரு பலகையில் எழுத்துகள் இருப்பதாகச் செல்வி சொன்னாள், மேலே பெரியது, கீழே போகப் போகச் சிறியது. ஒவ்வொருவராகப் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு உரக்கப் படித்தார்கள். எல்லோரும் அதே எழுத்துகளைத்தான் படித்தார்கள்.

எனக்குப் பலகையே தெரியவில்லை, காது கேட்டது. ஐந்தாறு பேர் படித்து முடிப்பதற்குள் நான்கு வரி எனக்கு மனப்பாடம். பூ எண்ணிப் பழகிய வாய்க்கு இது ஒரு வேலையா? என் முறை வந்ததும் இடது கண்ணால் நான்கு வரியும் கடகடவென்று சொன்னேன். அங்கிருந்த பெண், "பரவாயில்லையே பாட்டி" என்று சீட்டில் எழுதினாள். கண் தெரியவில்லை என்றால் படிக்கத் தெரியாதவள் என்று நினைத்துவிடுவாளோ என்ற பயம் எனக்கு. கண் போவதைவிட அதுதான் அப்போது பெரிதாகப்பட்டது. சிரிப்பவர்கள் சிரிக்கலாம், இப்போது நானும் சிரிக்கிறேன்.

டாக்டரம்மா சின்ன வயது. தாடையை வைத்து, நெற்றியை முட்டிக்கொண்டு உட்காரும் மெஷினில் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சீட்டைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"பாட்டி, நாலு வரி படிச்சிருக்கீங்க. ஆனா கருவிழி இந்த அளவுக்கு வீங்கியிருக்கு. எப்படிப் படிச்சீங்க?"

"நல்லாத்தான் தெரியுது டாக்டரம்மா. கொஞ்சம் மப்பா இருக்குது, அவ்ளோதான்."

அவர் என் வலது கண்ணைத் தன் கையால் மூடினார். "சரி. இந்தக் கையில எத்தனை விரல் காட்டுறேன்?"

"மூணு."

டாக்டரம்மா, "நான் கையைத் தூக்கவே இல்லையே பாட்டி" என்றார்.

செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். "யம்மா, இன்னாம்மா நீ."

டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "உங்களைத் திட்ட மாட்டேன். ஆனா என்ன பட்டுச்சுன்னு தெரிஞ்சாத்தான் மருந்து தர முடியும். தூசிக்கு இப்படி ஆகாது. நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?"

"பூ விக்கிறேன்."

"என்ன பூ?"

நான் சொல்லவில்லை. செல்வி சொன்னாள். சொன்ன மாத்திரத்தில் அவளுக்கே புரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பிய அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

உடனே படுக்கவைத்துக் கண்ணைக் கழுவினார்கள். இமையைப் புரட்டிப் புரட்டிக் கழுவினார்கள். பிறகு டாக்டரம்மா விளக்கினார். எனக்கு வந்திருப்பது கருவிழி வீக்கம் (கண்ணின் முன்னால் கண்ணாடி போல இருக்கும் சவ்வு தண்ணீர் குடித்து உப்பிப்போவது). அந்தச் சவ்வின் உள்பக்கத்தில் பொடிப் பொடியான செல்கள் ஓர் அடுக்காக இருக்கின்றனவாம். கண்ணுக்குள் ஊறும் நீரை இறைத்து இறைத்து வெளியே தள்ளுவது அவற்றின் வேலை. அதனால்தான் கண்ணாடி தெளிவாக இருக்கிறது. எருக்கம்பால் அந்தச் செல்களைக் கொல்லும். தொட்ட இடத்தை மரத்துப்போகவும் வைக்கும்.

"வலிச்சிருந்தா அன்னிக்கே ஓடி வந்திருப்பீங்க. அதான் இதுல மோசம்."

"பார்வை வந்துருமா மேடம்?" செல்விதான் கேட்டாள்.

"வரும்னுதான் நம்புறேன். எவ்வளவு வரும்னு இப்ப சொல்ல முடியாது. செத்துப்போன செல் திரும்ப முளைக்காது. மிச்சம் இருக்கிறது எவ்வளவு வேலை செய்யுதுன்னு பார்க்கணும்."

பஸ்ஸில் செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள். மந்தைவெளி வருவதற்கு முன்னால் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினாள். "இந்தக் கண்ணும் போச்சுன்னா, நீ என் கையப் புடிச்சிக்கினுதான் கக்கூஸுக்குக் கூடப் போவணும். அத யோசிச்சியா?"

நான் யோசித்திருக்கவில்லை. அப்போதுதான் யோசித்தேன்.

மூன்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஒன்று வீக்கத்தைத் தணிப்பது. ஒன்று கண்மணியை விரித்து ஓய்வு கொடுப்பது. மூன்றாவது உப்புச் சொட்டு (கண் குடித்த தண்ணீரை வெளியே இழுப்பது). சிலது மணிக்கு ஒரு தரம், சிலது நாலு மணிக்கு ஒரு தரம். போனில் மணி அடிக்கும், நான் அண்ணாந்து படுப்பேன். ஒரு மருந்தை ஊற்றி, ஐந்து நிமிடம் பொறுத்து அடுத்ததை ஊற்ற வேண்டும். அத்தனை வருடம் நான் மணி பார்த்தது பூவை வைத்துத்தான்: பறிக்கிற நேரம், கோர்க்கிற நேரம், வாடுகிற நேரம். இப்போது என் நாள் சொட்டுச் சொட்டாக நகர்ந்தது.

முதல் இரண்டு நாள் உப்புச் சொட்டு ஊற்றியது தெரியவே இல்லை. மூன்றாம் நாள் சுரீரென்று எரிந்தது. "எரியுதா?" என்று பயந்து கேட்டாள் செல்வி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மரத்துப்போன கண் முழித்துக்கொண்டு திட்டுகிறது என்று சொன்னேன்.

செல்வியின் மகள் தாரணி ஒன்பதாவது படிக்கிறாள். ஆஸ்பத்திரிக் கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள் அவள்தான். மறுநாள் காலையில் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுத்துகள் எழுதிச் சுவரில் ஒட்டினாள். மேலே பெரியது, கீழே சிறியது.

"ஆயா, நீ சார்ட்டையே மனப்பாடம் பண்ண ஆளு. அதனால உனுக்கு தெனம் புது சார்ட்டு. நேத்து எழுதினது இன்னிக்கு இருக்காது."

"எனுக்கே பரீட்சையா?"

"காப்பி அடிச்சா பரீட்சை மறுபடியும் வைப்பாங்க ஆயா."

நாலாம் நாள் மேல் எழுத்து தெரிந்தது. "ட" என்றேன். தாரணி என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். ஏழாம் நாள் மூன்று வரி. ஒன்பதாம் நாள் மறுபடியும் மங்கி, இரண்டு வரிக்குப் போனது. அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை. மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா, "காலையில மப்பா இருக்கும், போகப் போகத் தெளியும். ராத்திரி பூரா கண்ணு மூடியிருக்கிறதால ஈரம் தங்குது" என்றார். அதற்குப் பிறகு தாரணி சார்ட்டைச் சாயங்காலம் ஒட்டினாள்.

இதற்கு நடுவில் ஒரு நாள் செல்வி சோறு போடக் குனிந்தபோது, அவள் மோவாயில் இருக்கும் மச்சம் எனக்குத் தெரிந்தது. அதில் ஒரு முடி முளைத்திருந்தது. சொன்னேன். "கண்ணு வந்ததும் மொதல்ல அதத்தான் பாத்தியா?" என்றாள். திட்டுகிற குரல்தான், ஆனால் அப்பளம் இன்னொன்று வைத்தாள்.

பதினாறாம் நாள் சாயங்காலம். தாரணி ஒட்டிய தாளில் கடைசி வரி மட்டும் எறும்பு ஊர்வது போல இருந்தது. மற்ற வரிகளில் தனித்தனி எழுத்துகள், இதில் சொற்கள். வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு எழுத்துக்கூட்டினேன். ஆ. யா. ஒ. ரு. அடுத்த சொல்லுக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

"ஆயா ஒரு பொய்க்காரி."

தாரணி துள்ளிக் குதித்து வாசலுக்கு ஓடினாள். செல்வி கரண்டியோடு வெளியே வந்தாள். "இன்னா சொன்ன?" என்னை யாராவது பொய்க்காரி என்று சொல்லியிருந்தால் மாட வீதியே கேட்கும்படி பதில் சொல்லியிருப்பேன். அன்றைக்கு அதே வரியை மூன்று தரம் உரக்கப் படித்தேன். மூன்றாம் தரம் செல்வி உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிப் பலகைக்கு முன்னால் நின்றபோது, "இது நிஜமாத் தெரியுதா, வெளியில கேட்டதா?" என்றார் டாக்டரம்மா.

"நீங்க வேற சார்ட்டு மாட்டுங்க."

மாட்டினார். ஐந்து வரி படித்தேன். ஆறாவது வரியில் நின்றேன். "இதுக்கு மேல தெரியல" என்றேன். தெரியவில்லை என்று தலை நிமிர்ந்து சொன்னது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. டாக்டரம்மா கை தட்டினார்.

போன செல்கள் போனவைதான், மிச்சம் இருக்கிறவை இரட்டை வேலை செய்கின்றன என்று சொன்னார். எருக்கை விட்டுவிடச் சொல்லும்படி செல்வி அவரிடம் கேட்டாள். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "பூ மேல தப்பில்ல. அது பால் உள்ளதுன்னு எனக்குத் தெரியும். தொடச்சது நானு." கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். வேலி ஏறிப் பறிப்பதை விட்டுவிட வேண்டும், கை எட்டுவதை மட்டும் பறிக்கலாம். கோர்க்கும்போது கண்ணைச் சுற்றி மூடுகிற கண்ணாடி போட வேண்டும். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் சோப்பும் இருக்க வேண்டும்.

பட்டறையில் போடுகிற கண்ணாடி ஒன்றைச் செல்வியே பாண்டி பஜாரில் வாங்கி வந்தாள். அடுத்த சங்கடஹர சதுர்த்திக்கு அதை மாட்டிக்கொண்டு மாட வீதியில் உட்கார்ந்தேன்.

"இன்னாக்கா, மாலை கோக்குறியா, கேட்டுக்கு வெல்டிங் வெக்கிறியா?" என்றாள் எல்லம்மா.

"உன் வாய்க்குத்தான் மொதல்ல வெல்டிங் வெக்கணும்."

அந்த மாமி வந்தார். வெள்ளெருக்கு மாலையைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு பூவாக நானே அவருக்குக் காட்டினேன். ஒன்றில்கூட ஊதா இல்லை.

அன்று காலையில் பூப் பறிக்கப் போனபோது நடந்ததையும் எழுத வேண்டும். வேலியோரம் நின்று ஒரு பூவைப் பார்த்தேன். இத்தனை வருடமாக எருக்கை நான் கூடைக் கணக்கில்தான் பார்த்திருக்கிறேன். ஒரு பூவை மட்டும் நின்று பார்த்ததில்லை. ஐந்து இதழ் மெழுகில் செய்தது போல விரிந்திருக்கிறது. நடுவில் ஒரு கிரீடம் எழும்பி நிற்கிறது. ஓரத்தில் கரு ஊதா, அடியில் போகப் போக வெளுப்பு. இலை மேல் மாவு தூவினாற்போல வெள்ளை. அந்த இலையை ஒரு வரிப்புழு விறுவிறுவென்று தின்றுகொண்டிருந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ரயில் போனது, இன்னொன்றும் போனது. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். கூடை காலியாகவே இருந்தது.

என் உடம்பை நான் வேலைக்காரியைப் போலத்தான் நடத்தி வந்தேன். ஏன் என்று கேட்காமல் உழைக்கும் என்று நினைத்தேன். இப்போது கண்ணை மூடிப் படுக்கும்போது, அந்தப் பொடிச் செல்கள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பதை நினைக்கிறேன். காலையில் எழுந்ததும் உலகம் கொஞ்சம் மப்பாக இருக்கும். அவசரப்படாமல் உட்கார்ந்திருப்பேன். காப்பி குடித்து முடிப்பதற்குள் சுவர் தெளியும், சுவரில் காலண்டர் தெளியும், பிறகு தேதி தெளியும். தினமும் எனக்காக ஒரு தரம் விடிகிறது.

படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பால் கண்ணில் பட்டால், வலிக்கவில்லை என்றாலும் அந்த நிமிடமே நல்ல தண்ணீரில் ரொம்ப நேரம் கழுவுங்கள். தாய்ப்பால், பூ, எண்ணெய் எதுவும் ஊற்றாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். என்ன பூ என்று பெயரைச் சொல்லுங்கள். பூ கோபித்துக்கொள்ளாது. பலகையில் தெரியாத எழுத்தைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

தை மாதம் என் வலது கண்ணுக்குப் புரை ஆபரேஷன். அதே டாக்டரம்மாதான்.

நோட்டில் இதுதான் கடைசிப் பக்கம். தாரணி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நானே இதைப் படித்துக் காட்டுகிறேன் என்றால், "நீ எழுதினதுதானே ஆயா, உனுக்கு எல்லாம் மனப்பாடமா இருக்கும், நீ பாத்துப் படிக்கிறியா சும்மா சொல்றியான்னு எனுக்கு எப்டித் தெரியும்?" என்கிறாள். நியாயமான கேள்வி.

சரி, தாரணி. முதலிலிருந்து படிக்க வேண்டாம். நடுவில் எங்காவது ஒரு வரியை நீ உரக்கப் படித்துவிட்டு, நோட்டை மூடி என்னிடம் கொடு. எந்தப் பக்கம் என்று சொல்லாதே. வலது கண்ணை மூடிக்கொள்கிறேன். நீ படித்த வரியை என் இடது கண்ணே தேடிப் பிடிக்கட்டும்.